பேர் சொல்லாதது

மறதி என்னும் பேரிருளிலிருந்து மனித குலத்தை மீட்டெடுக்க இயற்கை அனுப்பிவைத்த பச்சை விளக்கு அந்தப் புல். நினைவாசான் தம் வகுப்பை இப்படித்தான் தொடங்குவார். தொடங்கிவிட்டு, மேஜைமேல் பீங்கான் தொட்டியில் விசிறிபோல் விரிந்து நிற்கும் இலைகளை உள்ளங்கையால் ஒருமுறை நீவி, கையை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொள்வார். முதன்முதலில் வாங்கிய தொட்டியை அவர் பஸ்ஸிலேயே மறந்து வைத்துவிட்டு இறங்கிப் போனதும், இப்போது மேஜைமேல் இருப்பது மறுநாள் போய் வாங்கிய இரண்டாவது தொட்டி என்பதும் பாடத்தில் வராது.

அவருடைய நினைவாற்றல் பயிற்சி நிலையம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது. இரண்டு அறைகள். முன்னறையில் மடக்கு நாற்காலிகள். பின்னறையில் டீ போட ஒரு மின்கெட்டில், சுவரில் மூளையின் படம். மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வண்ணம் கொடுத்திருந்தார்கள். வெயில் பட்டுப் பட்டு எல்லாப் பகுதியும் ஒரே பழுப்புக்கு வந்துகொண்டிருந்தது. நினைவாசான் என்ற பட்டத்தை அவருக்கு யாரும் வழங்கவில்லை. பெயர்ப்பலகை எழுதுகிறவரிடம் அவரே சொல்லி எழுதவைத்தார். எழுதியவர் அவசரத்தில் 'நினைவசான்' என்று எழுதிவிட்டு, பிறகு இடுக்கில் ஒரு துணைக்காலைச் செருகிக் கொடுத்தார். உற்றுப் பார்த்தால் இப்போதும் தெரியும். அவர் யாரையும் உற்றுப் பார்க்க விடுவதில்லை.

வகுப்பில் அந்தப் புல்லின் பெருமை அரை மணி நேரம் ஓடும். ஒரு பழைய தேசத்துப் பண்டிதர்கள் படிக்கும்போது விளக்கடியில் இதை வைத்துக்கொள்வார்களாம். விளக்குப் புகையை இது இழுத்துக்கொள்ளுமாம். விடிந்ததும் இலை நுனியில் நிற்கும் பனித்துளியைத் தொட்டுக் கண்ணில் வைத்துக்கொண்டால் பார்வை தெளியுமாம். துணிப்பெட்டியில் போட்டால் பூச்சி வராது. வேரைத் தட்டிக் கஷாயம் வைத்தால் வயிற்று உப்புசம் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, மறந்தது திரும்ப வரும். இந்தச் செடிக்குப் பல்லைக் கடித்து உச்சரிக்கவேண்டிய ஓர் அயல்நாட்டுப் பெயர் இருந்தது. அதை அவர் பிசகாமல் சொல்வார். அவர் பிசகாமல் சொன்ன பெயர்களில் அதுவும் ஒன்று; சமீபகாலமாக அதுமட்டும்தான்.

அவருடைய மனைவி குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை பார்த்தாள். செடி வீட்டுக்கு வந்த அன்றே அவள் ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்துவிட்டு, "அட, இது நம்ம பேர் சொல்லாதது மாதிரியே வாசனை அடிக்குதே," என்றாள். அவள் பிறந்த வீட்டில் வசம்பை வசம்பு என்று சொல்ல மாட்டார்கள். கைக்குழந்தைக்கு வயிறு பொருமினால், "அந்தப் பேர் சொல்லாததைக் கொஞ்சம் உரைச்சுக் கொண்டா," என்றுதான் கேட்பார்கள். பெயரைச் சொன்னால் மருந்து வேலை செய்யாது என்று யாரோ எப்போதோ சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தொட்டிப்புல் வசம்புக்குப் பங்காளி முறை. இலை மெலிசு, ஆள் குள்ளம், வாசனை அதே குடும்பம். எனவே அவளுக்கும் அவள் தம்பிக்கும் அன்றிலிருந்து இதுவும் பேர் சொல்லாதது ஆகிவிட்டது. இவ்வளவையும் அவள் கணவனுக்கு விளக்கமாகவே சொன்னாள். அவர் அப்போது அயல்நாட்டுப் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். உம் கொட்டினார்.

அவள் தம்பிதான் நிலையத்துக்கு எல்லாம். கூட்டுவது, நாற்காலி போடுவது, வருகிறவர்களை உட்காரவைப்பது, டீ கொடுப்பது. டீ கொடுக்கும்போது அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, இன்னாரே உங்களுக்குச் சர்க்கரை போடலாமா, இன்னாரே சூடு போதுமா என்று முன்னறை முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரிப்பான். இது வாய்க்கொழுப்பு என்று நினைவாசான் நினைத்தார். உண்மையில் இது அக்கா சொல்லிக்கொடுத்த ஏற்பாடு. ஆசான் வாசலில் நின்று ஒவ்வொருவரின் பெயரையும் ஒரே ஒருமுறை கேட்பார்; வகுப்பு முடிவில் எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்துக் கைதட்டல் வாங்குவார். இடையில் டீ வரும். டீ வராத நாளில் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

இந்த நிலைமையில்தான் ஒரு பெரிய கம்பெனி தன் ஊழியர்கள் அத்தனை பேருக்கும் பயிற்சி கொடுக்க ஆள் தேடியது. பயிற்சி அதிகாரியான ஓர் அம்மாள் போன மாதம் இரண்டு பேரோடு வந்து, டீ குடித்துவிட்டு, சுற்றிப் பார்த்துவிட்டுப் போனாள். வரும் சனிக்கிழமை ஆட்களைத் திரட்டிக்கொண்டு மறுபடி வருவதாகவும், ஆசான் அவர்கள் பெயர்களைச் சொல்லிக் காட்டினால் முடிவு செய்துவிடலாம் என்றும் சொல்லியிருந்தாள். கம்பெனி கிடைத்தால் நிலையம் நிமிரும். கிடைக்காவிட்டால் மாடியைக் காலி செய்யவேண்டியதுதான். கீழே கண்ணாடிக்கடைக்காரர் தம் பழைய கண்ணாடிச் சட்டங்களை அடுக்கிவைக்க அந்த இரண்டு அறையையும் டேப் பிடித்து அளந்துகொண்டு போயிருந்தார்.

சனிக்கிழமைக்குச் சில நாள் முன்பு ஒரு மத்தியானம், நிலையத்துச் சாவியை மறந்துவிட்ட ஆசான் அதை எடுக்க வீடு திரும்பினார். துணி காயப்போடும் பின்பக்கத்துப் பால்கனியில் மனைவியும் மச்சினனும் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஈரப் போர்வை ஒன்று தொங்கியது. பேச்சு மட்டும் வந்தது.

"பேர் சொல்லாதது இப்ப எப்படிடா இருக்கு?"

"எங்கக்கா. தலைப்பக்கம் பாதி போயிடுச்சு. மிச்சமும் பழுப்பேறிக்கிட்டு வருது. தொட்டா கையோட வருது."

நினைவாசானின் கை தானாக உச்சந்தலைக்குப் போனது.

"சனிக்கிழமைக்குள்ள மாத்திடுடா. கம்பெனிக்காரங்க முன்னாடி இப்படி ஒன்னை நிறுத்தி வச்சா மானம் போயிடும்."

"புதுசு பார்த்து வச்சிட்டேன்க்கா. நல்லா நிமிர்ந்து நிக்குது. ஒரே ஜாடை. பார்க்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

"மாமாவுக்கு இப்பச் சொல்ல வேணாம். வருத்தப்படுவாரு."

"பழசை என்னக்கா பண்றது?"

"எத்தனை வருஷமா கூட இருக்கு, தூக்கி எறிய மனசு வரலைடா. ரெண்டா வெட்டிப் பாரு. உள்ள கொஞ்சம் ஜீவன் இருந்தா தண்ணியில நிறுத்தி வைப்போம். பொழைச்சா பொழைக்கட்டும்."

ஆசான் சாவியை எடுக்காமலே படி இறங்கினார். பேர் சொல்லாதது. யாருக்கு இந்தப் பட்டம் என்று அவருக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. பெயர்கள் நழுவுவது அவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்றல்லவா நினைத்திருந்தார். தாலி கட்டிய மனைவிக்கும் அவள் தம்பிக்கும் அது கேலிப்பெயர் வைக்கிற அளவுக்குத் தெரிந்திருக்கிறது. 'மாமாவுக்குச் சொல்ல வேணாம்' என்றாளே, அது மட்டும் கொஞ்சம் இடித்தது. ஆனால் கேலி பேசுகிறவர்கள் ஒரே ஆளை இரண்டு விதமாகக் குறிப்பிடுவது உண்டு, மேடையில் மாமா, மறைவில் அது என்று சமாதானம் செய்துகொண்டார். எல்லாவற்றையும்விட அவரைச் சுட்டது அந்த அஃறிணைதான். பேர் சொல்லாதவர் என்றாவது சொல்லியிருக்கலாம்.

அன்றிலிருந்து அவர் கண்ணில் பட்டதெல்லாம் சாட்சி ஆயிற்று. மச்சினன் நகக்கண்ணில் மண். எதைத் தோண்டினான்? மச்சினன் ஆசானின் மேஜையைச் சாண் வைத்து அளக்கிறான். ஆசான் வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறான். மச்சினன் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டான். காலையில் மனைவி கொடுத்த காபியை ஆசான் முகர்ந்து பார்த்தார். காபி வாசனைதான் வந்தது. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

"ஏங்க, காபியை எதுக்கு நாய் மாதிரி மோந்து பார்க்கிறீங்க?"

"பால் எப்ப காய்ச்சினது?"

"இப்பதான். குடிச்சிட்டுக் கிளம்புங்க. சனிக்கிழமை வரைக்கும் உடம்பைப் பார்த்துக்கணும்ல."

"சனிக்கிழமைக்கு அப்புறம்?"

"அப்புறம் என்ன, எப்படியாவது போங்க," என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. காபியை ஜன்னல் வழியாகக் கொட்டினார். கீழ்வீட்டுக்காரர் மேலே பார்த்து ஏதோ சொன்னார்.

நிலையத்துக்குப் போகும் வழியில் கண்ணாடிக்கடைக்காரர் அவரைக் கை காட்டி நிறுத்தினார். "சார், நேத்து உங்க மச்சினன் வந்திருந்தாரு. கடை ஜன்னலோரம் ஒரு மூலை கிடைக்குமான்னு கேட்டாரு."

"எதுக்கு?"

"பழசை வைக்கத்தான். தூக்கிப்போட அக்காவுக்கு மனசில்லையாம். சத்தம் போடாது, சாப்பாடு கேக்காது, தினம் ஒரு டம்ளர் தண்ணி காட்டினா போதும்னாரு."

ஆசான் கடை ஜன்னலை எட்டிப் பார்த்தார். "நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கென்ன சார், இருந்துட்டுப் போகட்டும். கடைக்கும் ஒரு களைதானே. வர்ற போற பசங்க யாராவது கிள்ளி வச்சா மட்டும் நான் பொறுப்பில்லைன்னு சொல்லிட்டேன்."

"இதை நீங்க என் முகத்தைப் பார்த்தே சொல்றீங்க."

"பின்ன யார்கிட்ட சார் சொல்றது? உங்க பொருள்தானே," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். சொல்லிவிட்டு, ஆசான் முகத்தை அளவெடுக்கிறவர்போல் ஒரு பார்வை பார்த்தார். அது அவருடைய தொழில் பார்வை. ஆசான் அதை ஜன்னலோரத்துக்கு எடுத்த அளவு என்று புரிந்துகொண்டார்.

மறப்பதில் ஒருவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் அவமானம் மட்டும் மறப்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலை, நாற்காலிகளை விரித்துக்கொண்டிருந்த மச்சினனை ஆசான் பின்னறைக்குக் கூப்பிட்டார்.

"மச்சான், நாளைக்கு நீ வர வேண்டாம்."

"நாளைக்குத்தானே மாமா கம்பெனிக்காரங்க வர்றாங்க."

"அதனாலதான்."

"அப்ப டீ யாரு குடுப்பா?"

"டீ குடுக்கிறவன் எல்லாம் ஆசான் ஆயிட முடியாது."

மச்சினனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் எப்ப மாமா ஆகணும்னு சொன்னேன்? டீயாவது குடுத்துட்டுப் போறேனே. நீங்க திட்டினாலும் பரவாயில்ல."

"உன் டீயில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

இதைக் கேட்டதும் மச்சினன் முகம் மாறிவிட்டது. டீயின் ரகசியம் மாமாவுக்குத் தெரிந்துவிட்டது, மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது என்று அவன் நினைத்தான். தலையைக் குனிந்துகொண்டு, "அக்காதான் செய்யச் சொல்லுச்சு," என்றான். ஆசானுக்கு இதற்கு மேல் வாக்குமூலம் தேவைப்படவில்லை.

வீட்டில் மனைவி அவரை நேராகவே கேட்டாள். "அவனை எதுக்கு வர வேணாம்னீங்க? நாளைக்கு அவன் இல்லாம உங்களால ஆகாதுங்க. சொன்னா கேளுங்க."

"ஆகாதுன்னு நீயே முடிவு பண்ணிட்ட."

"நல்லதுக்குச் சொல்றேன்."

"பேர் சொல்லாததுக்கு எல்லாம் தெரியும்," என்றார் ஆசான், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி.

அவள் கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "இப்ப எதுக்கு அதை இழுக்கிறீங்க? தெரிஞ்சு போச்சா? அதான் இன்னிக்கே மாத்தியாச்சே. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் சொல்லல."

மாத்தியாச்சு. அவருடைய நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்தாயிற்று. இன்னும் சனிக்கிழமைகூட வரவில்லை. ஆசான் தட்டின் முன் உட்கார்ந்தார். அவள் பரிமாறியதை அவள் ஒரு வாய் சாப்பிட்ட பிறகே தொட்டார்.

சனிக்கிழமை காலை அவர் தன்னந்தனியாக நிலையத்தைத் திறந்தார். மேஜைமேல் புல் பச்சைப்பசேல் என்று நிமிர்ந்து நின்றது. நேற்றுக் காலைவரை மேஜையில் இருந்த புல்லின் பாதி இலைகள் பழுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது அவருக்கு நினைவில்லை; தண்ணீர் ஊற்றுவது தம் பொறுப்பு என்பது நினைவில்லாததைப்போலவே. தொட்டியை ஒருமுறை தடவிக்கொடுத்தார். துரோகம் செய்யாத ஒரே ஜீவன் என்று நினைத்தார். தொட்டியும் புதுசு.

கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஆசான் வாசலில் நின்று ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டார். அவருடைய முறை எளிது. பெயரைக் கேட்டதும் அதற்கு ஒரு படத்தை மனதில் எழுப்ப வேண்டும்; அந்தப் படத்தைப் பெயர் சொன்னவர் முகத்தின்மேல் ஒட்ட வேண்டும். படம் எவ்வளவு கோணங்கியாக இருக்கிறதோ அவ்வளவு உறுதியாக ஒட்டும். பருத்த கணக்கருக்குப் பூசணிக்காய். ஒல்லியான டிரைவருக்கு ஓட்டை வாளி. பயிற்சி அதிகாரி அம்மாளுக்குக் குடை பிடித்த தவளை. எல்லாம் பசைபோல் ஒட்டின. ஆசானுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மறதியின் பேரிருளைப் பற்றிப் பேசினார். பண்டிதர்களின் விளக்கைப் பற்றிப் பேசினார். "இந்தத் தாவரம் பல ஆண்டுகளாக என் மேஜையை விட்டு நகர்ந்ததில்லை. ஒரு நுனிகூடக் காய்ந்ததில்லை," என்றார். முன்வரிசையில் இருந்தவர்கள் தொட்டியில் ஒட்டியிருந்த நாற்றுப்பண்ணைச் சீட்டைப் பார்த்தார்கள். மரியாதைக்காகப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். இடைவேளையில் ஆசானே ஃப்ளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினார். யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. டீ உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அவர் எழுந்து நின்றார். புல்லை நீவினார். கையை முகர்ந்தார். கண்ணை மூடித் திறந்து கணக்கரைப் பார்த்தார். பூசணிக்காய் துல்லியமாகத் தெரிந்தது, காம்போடு. பூசணிக்காய்க்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

அடுத்தவரிடம் போனார். வாளி. ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒழுகுவதுகூடத் தெரிந்தது. பெயரும் ஒழுகிப் போயிருந்தது.

"ஐயா, என் பேரு?" என்றார் டிரைவர் ஆவலாக.

"வாளி," என்றார் ஆசான். வாய் முந்திவிட்டது.

யாரோ இருமினார்கள். பயிற்சி அதிகாரி அம்மாள், "பரவாயில்லை சார், நிதானமா யோசிங்க. என் பேரையாவது சொல்லுங்க, நான்தான் ரெண்டாவது தடவையா வர்றேனே," என்றாள். ஆசான் அவளைப் பார்த்தார். தவளை குடையைச் சுற்றியது.

இங்கே அவர் உட்கார்ந்திருக்கலாம். மாறாக, மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். "இது சதி. என் வீட்டுக்குள்ளேயே எனக்கு எதிராகச் சதி. என் மனைவியும் மச்சினனும் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் என்ன தெரியுமா உங்களுக்கு? பேர் சொல்லாதது. என்னை மாற்றிவிட்டு வேறு ஆளை வைக்கப் போகிறார்களாம். என்னை இரண்டாக வெட்டித் தண்ணீரில் நிறுத்தப் போகிறார்களாம். கீழே கண்ணாடிக்கடை ஜன்னலில் எனக்கு இடம்கூடப் பார்த்தாகிவிட்டது."

 கணக்கர் மெதுவாகச் சொன்னார்: "சார், வசம்பைத்தான் எங்க வீட்டுலயும் பேர் சொல்லாததும்பாங்க."

"எங்க வீட்டுலயும்," என்றார் டிரைவர். "பிள்ளைக்கு வயித்துவலின்னா உரைச்சு ஊத்துவாங்க."

அதிகாரி அம்மாள் மேஜையைக் காட்டினாள். "இதுவும் அந்தச் சாதிதான் சார். வர்றப்ப பார்த்தேன், கீழ கடை ஜன்னல்ல இதே மாதிரி ஒரு செடி, காய்ஞ்சு போனது, ஜாடித் தண்ணியில நிக்குது. அதுவா இருக்கும்."

ஆசான் தொட்டியைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். உட்கார்ந்தார். மடக்கு நாற்காலி ஒரு முனகல் விட்டது.

மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து படி இறங்கினார்கள். அதிகாரி அம்மாள் மட்டும் நின்றாள். அவள் முகத்தில் கேலி இல்லை. வேலையை முடித்துக்கொண்டு போகிறவளின் அவசரம்தான் இருந்தது. "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. போன தடவை டீ குடுத்தாரே, உங்க மச்சினன், அவரை எங்க காணோம்?"

"இன்னிக்கு லீவு," என்றார் ஆசான்.

"வாசல்ல நாங்க ஒரு தடவை சொன்னதை அவர் எங்கேயோ நின்னு கேட்டுட்டு, எங்க மூணு பேரையும் பேர் சொல்லியே டீ குடுத்தாரு. படி இறங்கும்போதும் பேர் சொல்லித்தான் பார்த்துப் போங்கன்னாரு. எப்படிங்க இதுன்னு கேட்டதுக்கு, ஆளைப் பார்த்துக் கேட்டுக்குவேன், அவ்வளவுதான்னாரு. எங்க ஆளுங்களுக்கு அது போதும் சார். பயிற்சிக்கு அவரையே கேட்கலாம்னு இருக்கோம். இங்கேயே வச்சு நடத்தினாலும் சரி. உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

ஆசான் தலையசைத்தார். அது ஆமாவா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

"அப்ப அவர் பேரிலேயே உத்தரவு அனுப்பச் சொல்றேன். அவர் பேர் என்ன சார்?"

ஆசான் வாயைத் திறந்தார். மச்சான் என்று வந்தது. அதற்குப் பிறகு வரவேண்டியதற்காகக் காத்திருந்தார். படம்கூட வரவில்லை.

கல்யாணமான மறுமாதத்திலிருந்து அவன் அவரோடு ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் பெயர் அவருக்குத் தெரியவில்லை.